சிறு ஆணியும் பெரும் பயணமும்

சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதிகளில் தேர் அசைந்து வரும்போது காண்போர் கண்கள் அதன் உச்சியை நோக்கும். தேரைச் செப்பனிட்டவர் கண்களோ சக்கரத்தையும் அச்சாணியையும் விட்டு அகலா. உருவில் சிறிய அச்சாணியின்றிப் பெருந்தேர் உருளாது என்பதைத் தமிழ் மாணவர் பள்ளிப் பருவத்திலேயே கற்றிருப்பர். அவ்வுண்மை வானில் செல்லும் ஊர்திக்கும் பொருந்தும்.

2012 ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து கொழும்புக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் செல்லும் தந்தையரையும் தமையன்மாரையும் வழியனுப்ப நம் மாணவர் பலர் விமான நிலையம் சென்றிருப்பர். அவ்வேளையில் விமானியின் திறமையை நாம் எண்ணுவதுண்டு. முன்னிரவில் அவ்விமானத்தின் திருகாணிகளை முடுக்கிய பணியாளரை எண்ணுவதில்லை. அவர் நேர நெருக்கடியில் செய்யக்கூடிய பிழையையே ஈண்டு ஆராய்வோம்.

1990 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று புறப்பட்டது. ஏறத்தாழ 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானி இடுப்பளவு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களை இறுகப் பற்றிக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். விமானி உட்பட அதிலிருந்த 87 பேரும் உயிர் பிழைத்தனர்.

காரணத்தை ஆராய்ந்தோர் கண்டது யாது? 27 மணி நேரத்துக்கு முன்னர்தான் அக்கண்ணாடி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனைப் பிணித்த 90 திருகாணிகளுள் 84 ஆணிகள் உரிய குறுக்களவைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே சிறியவை. எஞ்சிய ஆறும் நீளத்தில் குறைந்தவை.

இப்பிழையைச் செய்தவர் கற்றுக்குட்டி அல்லர். நீண்ட அனுபவமுடைய மேற்பார்வையாளர். அன்றிரவு ஆட்கள் குறைவாக இருந்தமையால் அவ்வேலையைத் தாமே மேற்கொண்டார். மனித உடல் உறக்கத்தை நாடும் பின்னிரவு நேரம் அது. விடிந்ததும் விமானத்தைக் கழுவுவதற்கு விடவேண்டியிருந்தது. உதிரிப்பாகங்களின் பட்டியலை எடுத்துப் பார்க்காமல், பழைய ஆணியைக் கையில் வைத்து ஒப்பிட்டே புதிய ஆணிகளைத் தேர்ந்தார். சரியான ஆணி எது என்று பண்டகக் காப்பாளர் கூறியும் அவர் அதனை ஏற்கவில்லை. வேறோர் இடத்தில், மங்கிய ஒளியில், எஞ்சிய ஆணிகளை எடுத்துவந்தார். வேலையை முடித்ததும் சரியென்று சான்றளித்தவரும் அவரே. பிறர் ஒருவர் சோதிக்க வேண்டும் என்னும் விதி அவ்வேலைக்கு அப்போது இல்லை.

ஒவ்வொரு படியிலும் அவர் மிச்சப்படுத்தியது சில நிமிடங்களே. தனித்து நோக்கின் எதுவும் பெருங்குற்றமாகத் தோன்றாது. ஒன்றோடொன்று சேர்ந்தபோதுதான் கண்ணாடி பறந்தது. தாம் எழுதியதைத் தாமே மெய்ப்புப் பார்ப்பவர் பிழையைக் காணாதது ஏன் என்பதை இத்தகைய மலர்களைத் தொகுப்போர் அறிவர். கண் எழுத்தைப் படிப்பதில்லை. மனம் எதிர்பார்ப்பதையே படிக்கின்றது. அச்சகத்தில் எழுத்துப் பிழை. வானிலோ உயிர்ப் பிழை.

இஃது அயல்நாட்டுக் கதை என்று நாம் அமைதி கொள்ள இயலாது. இருப்புப் பாதையிலும் இத்தகைய பராமரிப்புப் பிழை நேர்ந்ததுண்டு. 2023 ஜூன் 2 ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்வழியில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ சரக்கு வண்டி நின்ற கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னர்ச் சமிக்ஞைக் கம்பி இணைப்பில் செய்த மாற்றத்திலும், அண்மையில் கடவுப்பாதைத் தடுப்பை மாற்றிய பணியிலும் நேர்ந்த தவறுகளே காரணமென இரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். தவறான கம்பி இணைப்பால் 2022 மே மாதத்திலேயே அதே தென்கிழக்கு இரயில்வேயில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்திருந்தது. அப்போதே திருத்தியிருப்பின் இவ்விபத்து நேர்ந்திராது என்பதும் அவர் கூற்று. உயிர்ச்சேதமின்றிக் கழிந்த பிழை ஓர் எச்சரிக்கை. அதனைப் பொருட்படுத்தாமையே அடுத்த பிழைக்கு வித்தாகிறது.

கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த கார்டன் டூபாண்ட் என்பார், 1993 அளவில், பராமரிப்புப் பிழைகளுக்கான பன்னிரு காரணங்களைத் தொகுத்தார். களைப்பு, கவனச் சிதறல், நேர நெருக்கடி, கருவிப் பற்றாக்குறை, மெத்தனம், வாய்திறந்து மறுக்க இயலாமை ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் அறிவின்மையைச் சார்ந்தவை மிகச் சில. பெரும்பாலானவை, அறிந்தவரையும் வழுக்கி விழச் செய்யும் சூழ்நிலைகளே. எனவே, பிழை செய்தவரைத் தண்டிப்பதோடு நின்றால் சூழ்நிலை அப்படியே இருக்கும். நாளை வேறொருவர் அதில் விழுவார்.

காக்கும் வழிகள் எளியவை. இன்றியமையாத வேலையை வேறொருவர் கண்கொண்டு மறுபடி சோதித்தல். எடுத்த கருவிகளை எண்ணித் திரும்ப வைத்தல். பணிமுறை மாறும்போது எஞ்சிய வேலையை எழுத்தில் ஒப்படைத்தல். தம் பிழையைத் தாமே அறிவிப்பவர் அச்சமின்றிப் பேசும் நிலையை உண்டாக்குதல் என்பன அவை. இந்தியாவிலும் பராமரிப்பு வேலை முடிந்தபின், அதிகாரம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட பின்னரே விமானம் பறக்கலாம். அக்கையொப்பம் வெறும் மையன்று. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோரின் அமானிதம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை பணிமனைகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கையொப்பமிடும் நிலையை அடைவீர்கள். மேலதிகாரி விரைவுபடுத்துவார், காத்திருப்போர் முணுமுணுப்பர். அவ்வேளையில், ‘வேலை இன்னும் முடியவில்லை; சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்ல நா எழ வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பர் நம் பெரியோர். புறப்பாடு தாமதமாயிற்று என்னும் அறிவிப்பைக் கேட்டு விமான நிலையத்தில் நாம் சலித்துக்கொள்ளும்போது, எங்கோ ஒருவர் அவ்வாறு சொல்லும் துணிவு பெற்றிருக்கலாம். அவருக்கு நன்றி கூறிக் காத்திருப்போமாக!