நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா

நைட்ரேட் தண்ணீரில் முழுக்கக் கரைந்துபோகும் பொருள். நிறம் இல்லை, வாசம் இல்லை. மணல் வடிகட்டியில் தங்காது, படிகாரம் போட்டாலும் அடியில் படியாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகப் போய், மிஞ்சிய நீரில் அதன் அடர்த்திதான் கூடும். சவ்வு வடிகட்டியால் பிரிக்கலாம். ஆனால் பிரித்தெடுத்த நைட்ரேட் செறிவான உப்புநீராக வேறொரு தொட்டியில் நிற்கும். சிக்கல் இடம் மாறுமே தவிரத் தீராது. அதைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் கலக்கவிடும் வேலையைச் சேற்றிலும் மண்ணிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் செய்கின்றன.

தொழிற்சாலை நீரில் நைட்ரேட் எப்படிச் சேர்கிறது என்பதற்கு மலேசியாவின் ரப்பர் கையுறை நல்ல எடுத்துக்காட்டு. ஆலையில் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிவரும் பீங்கான் கைகள் முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கி எழுகின்றன. காய்ந்தபின் ரப்பர் பால் தொட்டிக்குள் இறங்குகின்றன. பீங்கானில் ஒட்டியிருக்கும் கால்சியம் பட்டதும் பால் திரிந்து மெல்லிய தோலாகப் படிகிறது. மிஞ்சிய உப்பு அந்தத் தோலிலேயே தங்கிவிடுவதால், கையுறையை வெந்நீர்த் தொட்டியில் ஓடவிட்டு அலசுகிறார்கள். அலசிய நீரோடு நைட்ரேட்டும் ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது.

ஜொகூர் போன்ற மலேசியத் தொழில் மாநிலத்தில் வேறு வழிகளும் உண்டு. எவர்சில்வர் தகட்டின் மேல் படியும் கருக்கை நீக்க நைட்ரிக் அமிலம் வேண்டும். உலோகப் பாகங்களைத் துலக்கும் பட்டறைகளிலும் அது புழங்குகிறது. இன்னொரு வழி அம்மோனியா. தோட்டத்தில் சேகரித்த பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பது பழைய வழக்கம். அந்த நெடியும் கண்ணெரிச்சலும் பால்மரம் சீவிய குடும்பங்களுக்குப் புதிதல்ல. பாலைச் செறிவாக்கும் ஆலைகளின் கழிவுநீரில் அம்மோனியா ஏராளம். சுத்திகரிப்புத் தொட்டியில் காற்றை ஊதும்போது ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய பிழை. அம்மோனியா குறைந்திருக்கும், நைட்ரஜன் வேறு உருவில் அதே நீரில்தான் இருக்கும். அம்மோனியாவின் தொல்லையை ஜொகூர் மக்கள் நேரில் பார்த்தவர்கள். 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அது மிகுந்ததால் குடிநீர் நிலையங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுப்பதும் இந்த ஆற்றிலிருந்துதான். 2009ஆம் ஆண்டின் தொழிற்கழிவு விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் விடப்படும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமையும், மற்ற இடங்களில் 20 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. அந்தப் பட்டியலில் நைட்ரேட்டுக்கு வரம்பு இல்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி வெளியே விடும் ஆலை அந்த வரம்பை மீறவில்லை. சுமையைத் தாங்குவது ஆறும் கடலும்தான். இந்தக் குறையைச் சரிசெய்யாமல் விடுவது நியாயமல்ல.

குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீர் குடித்த குழந்தைகளிடம் இது 1945இல் அடையாளம் காணப்பட்டது. கடலில் நைட்ரேட் பாசிக்கு உரமாகிறது. 2014 பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையில் நச்சு நுண்பாசி பெருகி, கூண்டுகளில் வளர்த்த மீன்கள் செத்து மிதந்தன. அப்படிப்பட்ட பெருக்கத்துக்கு வெயில், நீரோட்டம் எனப் பல காரணங்கள் சேர வேண்டும். ஊட்டச்சத்து மிகுதி அவற்றில் ஒன்று.

நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் கிடைத்தால் அதையே சுவாசிக்கும். ஆக்சிஜன் தீர்ந்துபோனால் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். நைட்ரேட் நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் நைட்ரஜனாகிறது. 1880களில் பிரான்சின் போர்டோ நகரில் கயோன், துப்பெத்தி என்ற இரு ஆய்வாளர்கள் இது உயிர்களின் வேலை என்று நிறுவினார்கள். இவற்றில் பெயர்பெற்ற பாராகாக்கஸ் டீநைட்ரிஃபிகன்ஸை 1910 வாக்கில் விவரித்தவர் ஹாலந்தின் பெய்யரிங்க்.

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு தொட்டிகள் வேண்டும். காற்று ஊதும் தொட்டியில் அம்மோனியா நைட்ரேட்டாகும். காற்றில்லாத் தொட்டியில் நைட்ரேட் வாயுவாகும். முதலில் வரவேண்டியது காற்றுத் தொட்டி என்றுதான் தோன்றும். ஆனால் 1970களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் பர்னார்டு பரப்பிய அமைப்பில் காற்றில்லாத் தொட்டி முன்னே இருக்கிறது. காற்றுத் தொட்டியின் நைட்ரேட் நீர் பம்பு மூலம் அதற்குத் திரும்பி வருகிறது. வந்திறங்கும் கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளே பாக்டீரியாவுக்கு உணவாகிவிடுவதால் செலவு மிச்சம்.

கையுறை அலசிய நீரில் நைட்ரேட்டின் அளவுக்கு உணவு கிடைப்பதில்லை. அப்போது வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். வழக்கமாகச் சேர்ப்பது மெத்தனால்: ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்குக் கணக்குப்படி 2.47 கிராம், நடைமுறையில் ஏறத்தாழ 3 கிராம். மெத்தனால் எளிதில் தீப்பிடிக்கும். 2006இல் அமெரிக்காவின் டேடோனா பீச் சுத்திகரிப்பு நிலையத்தில் மெத்தனால் தொட்டி வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். கரும்புக் கழிவுப்பாகும் நீர்த்த வினிகர் அமிலமும் அதைவிடப் பாதுகாப்பானவை. ஜொகூரில் செம்பனை ஆலைகள் நிறைய. அவற்றின் கழிவுநீரில் கரிமம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஓர் ஆலைக்குச் சுமையானதை அடுத்த ஆலைக்கு உணவாக்கும் யோசனை அக்கறையோடு முயன்று பார்க்கத் தக்கது.

அளவு தவறினால் வேலை கெடும். உணவு குறைந்தால் மாற்றம் பாதியில் நின்று, நைட்ரைட்டோ நைட்ரஸ் ஆக்சைடோ மிஞ்சும். நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்குவது. உணவு மிகுந்தால் அதுவே மாசாக வெளியேறும். காற்று சற்றே கசிந்தாலும் பாக்டீரியா ஆக்சிஜனுக்குத் திரும்பிவிடும். அதனால் காற்றில்லாத் தொட்டியில் நீர் தளும்பாமல், பாக்டீரியாக்கள் திரண்ட கசடு கலங்கும் அளவுக்கே துடுப்பு சுழலும்.

பாக்டீரியா வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் கசடை எடுத்து வைத்தால், அரை மணி நேரத்தில் பழுப்புக் கசடு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அதைக் கொட்டாமல் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவைத்தால், படிந்த கசடு புளித்த மாவு பொங்குவதுபோல் குமிழ் விட்டு மொத்தமாக மேலே மிதந்து வரும். நீரில் மிஞ்சிய நைட்ரேட், கசடுக்குள்ளேயே நைட்ரஜனாக மாறியிருக்கிறது என்று பொருள். கடைசித் தெளிவுத் தொட்டியில் இது நடந்தால் கசடு நீரோடு வெளியே போய்விடும்.

ஜொகூரின் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரப்பர் கழிவுநீரைக் குறுமணிக் கசடால் சுத்திகரிக்கும் முறை ஆராயப்பட்டிருக்கிறது. அந்த முறையில் பாக்டீரியாக்கள் சிறு மணிகளாகத் திரள்கின்றன. மணியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் உண்டு, உள்ளே இல்லை. இரண்டு தொட்டிகளின் வேலை ஒரே மணிக்குள் நடக்கிறது. ஹாலந்தின் டெல்ஃப்ட்டில் 1995இல் அறிவிக்கப்பட்ட அனமாக்ஸ் பாக்டீரியா அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாகச் சேர்த்து நைட்ரஜனாக்கும். அதற்கு மெத்தனால் வேண்டாம், காற்றும் குறைவாகவே போதும். இரட்டிப்பாக 10, 11 நாளாகும் அளவுக்கு மெதுவாக வளர்வதால், 2002இல் ரோட்டர்டாமில் தொடங்கிய முதல் பெரிய தொட்டி முழுத் திறனை எட்ட மூன்றரை ஆண்டு பிடித்தது. 30 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் அதற்குப் பிடிக்கும். ஜொகூரில் திறந்த தொட்டி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அந்த வெப்பத்திலேயே இருக்கிறது.