ஹைதராபாத் மனிதர்கள் – 9: நல்கொண்டா அளித்த வாக்கு

சென்ற இதழில், 1951 ஏப்ரல் 18ஆம் தேதி போச்சம்பள்ளியில் வினோபா பாவே கேட்டதும் வெதிரெ ராமசந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலத்தைத் தானமாக அளித்த சம்பவத்தைச் சொன்னேன். அதே நல்கொண்டா ஜில்லாவில், ஓராண்டுக்குள் நிகழ்ந்த மற்றொரு தானத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அதை அளித்தவர்கள் நிலமில்லாத ஏழைகள்.

ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் மார்க்கமாக ரயிலில் செல்வோருக்கு, ஒரே கல்லாய்த் திரண்டு நிற்கும் குன்றும், அதன் உச்சியில் ஒரு கோட்டையும் தென்படும். அதுதான் புவனகிரி. அந்தத் தாலூகாவிலுள்ள பொல்லேபள்ளி கிராமத்தில், 1908இல், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்த ராவி நாராயண ரெட்டியே, சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத் தேர்தலில் தேசம் முழுவதிலும் மிக அதிக வாக்குகள் பெற்ற பார்லிமெண்டு அபேட்சகர். நல்கொண்டா அவருக்கு அளித்தவை 3,09,162. பிரதம மந்திரி நேருவுக்கு அவர் தொகுதி அளித்தவை 2,33,571. இரண்டுமே இரட்டை அங்கத்தினர் தொகுதிகள். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். ஆகவே இந்த ஒப்பீட்டில் பிழையில்லை.

இத்தனை வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று அறிய வேண்டுமானால், நிஜாம் சமஸ்தானத்தில் 'வெட்டி' என்று வழங்கிய கூலியில்லா ஊழியத்தை அறிய வேண்டும். தேஷ்முக் எனப்பட்ட நிலப்பிரபுவான துரையின் 'கடீ' என்னும் மாளிகைக்குக் குயவன் பானையும், சக்கிலியன் செருப்பும், இடையன் ஆடும் விலையின்றிக் கொடுத்தாக வேண்டும்; உழவனோ தன் வயல் காய்ந்தாலும் துரையின் வயலை முதலில் உழுதாக வேண்டும். துரையின் எதிரே வருகிறவன், "நீ பாஞ்சன் தொரா, கால் மொக்குதா" – உன் அடிமை நான், உன் காலைத் தொழுகிறேன் – என்று குனிந்து சொல்வதே அந்நாட்டில் வணக்கமாக இருந்தது.

துரைகளின் வர்க்கத்திலேயே பிறந்தும் அந்தச் சொற்களைச் சகிக்க மாட்டாதவராக, உப்பு சத்தியாக்கிரகத்தில் தொடங்கி, 1938இல் ஹைதராபாத் சத்தியாக்கிரகத்தில் கலந்து, 1941இல் சில்கூரில் ஆந்திர மகாசபைக்குத் தலைமை வகித்து, 1944இல் புவனகிரி மாநாட்டில் மிதவாதிகள் பிரிந்து போன பின்னர் அச்சபையைக் குடியானவர்களின் ஸ்தாபனமாகவே ஆக்கியவர் ரெட்டி. 1947 செப்டம்பர் 11இல், கம்யூனிஸ்டுத் தோழர்களான மக்தூம் மொகியுத்தீனுடனும் பத்தம் எல்லா ரெட்டியுடனும் சேர்ந்து நிஜாம் ஆட்சிக்கு எதிரான ஆயுதப் போராட்டத்துக்கு அறைகூவல் விடுத்தவரும் அவரே. ஆயினும், 1948 செப்டம்பரில் இந்திய சேனை பிரவேசித்து நிஜாம் ஆட்சி முடிவுற்ற பிறகு, துப்பாக்கியைத் தொடர்ந்து ஏந்துவது அனர்த்தம் என்று தம் தோழர்களிடமே வாதாடினார். எதிரியை எதிர்ப்பதைவிடத் தோழனை மறுத்துரைப்பது கடினம். அவருடைய வாழ்வில் நான் மிகவும் போற்றும் தைரியம் இதுவே. 1951 அக்டோபரில் போராட்டம் நிறுத்தப்பட்டது.

சமஸ்தானத்தில் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தடை இருந்தமையால், மக்கள் ஜனநாயக முன்னணி என்ற பெயரில் ரெட்டியும் அவருடைய தோழர்களும் அந்த முதல் பொதுத் தேர்தலில் நின்றார்கள். அக்காலத்தில் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமில்லை. ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, அதன்மேல் ஒட்டிய சின்னம், சுற்றிலும் மறைப்பு. விரலில் மையிட்டுக்கொண்டு, சிறு சீட்டை மடித்துக் கையில் பிடித்து உள்ளே சென்ற அந்தக் குடியானவனை எந்தத் துரையும் பார்க்க முடியவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக, யார் காலையும் மொக்காமல், தன் விருப்பம் இன்னதென்று அவன் சர்க்காருக்குத் தெரிவித்தான். சட்டசபையிலும் அம்முன்னணி 42 ஸ்தானங்களைப் பெற்றது.

1957இல் புவனகிரி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1962இல் நல்கொண்டா மறுபடியும் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1991 செப்டம்பர் 7ஆம் தேதி அவர் காலமானார். மறு ஆண்டில் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அதனினும் பெரிய விருதை, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தறியாத குடியானவர்கள் இரும்புப் பெட்டிகளில் போட்டுவிட்டார்கள்.