குறைந்த செலவில் கிராம வீடு: நாமகிரிப்பேட்டை வட்டாரத்தார் முன்கூட்டி யோசிக்க வேண்டியவை

உண்ண உணவும் உடுக்க உடையும் போலவே குடியிருக்க வீடும் இன்றியமையாததென்பதை எவரும் மறுக்கார். ஆயினும், விதைக்கும் எருவுக்கும் செய்யும் முன்யோசனையை வீடு கட்டும் விஷயத்தில் நம்மில் பலர் செய்வதில்லை. அதன் பலனாக, சர்க்கார் உதவித்தொகையைக் கொண்டு தொடங்கிய வீடு சுவர் எழும்பியதோடு நின்றுபோவதும், அதை முடிக்க வாங்கிய கடன் நகையையும் நிலத்தையும் விழுங்கிவிடுவதும் ஆங்காங்கு நேர்கின்றன. ஒரு வீட்டின் செலவு, முதற் செங்கல்லை வைக்கும் முன்பே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது. அஃது எவ்வாறு என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, தம் மனை எந்த ஸ்தாபனத்தின் எல்லைக்குள் இருக்கிறதென்று அறிதல் வேண்டும். பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல் ஜில்லாவில், ராசிபுரம் தாலுகாவைச் சேர்ந்த நாமகிரிப்பேட்டை ஒரு பேரூராட்சி. சீராப்பள்ளியும் இரா. புதுப்பட்டியும் அத்தகையனவே. முள்ளுக்குறிச்சி, மங்களபுரம் முதலிய ஊர்களோ ஊராட்சிகள். அவை நாமகிரிப்பேட்டை ஊராட்சி ஒன்றியத்திற்கு உட்பட்டவை. கிராம வீட்டுத் திட்டங்கள் ஊராட்சிகளுக்கே உரியவை. பேரூராட்சியில் குடியிருப்போர் நகர்ப்புறத் திட்டங்களின் வழியாகவே உதவி கோர வேண்டும். இதை அறியாது தவறான ஆபீசில் மனுக் கொடுத்துக் காத்திருப்போர் ஒரு வருஷத்தை வீணே இழக்க நேரும்.

இரண்டாவது, பணத்தின் அளவுக்கேற்ப வீட்டின் அளவை வகுத்துக்கொள்ளுதல். கிராமங்களில் வீடில்லாதார்க்கு உதவும் பொருட்டு 1985-86-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கிற்று. 2016-ல் அதனிடத்தில் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா வந்தபோது, வீட்டின் குறைந்த அளவு 269 சதுர அடி என்றும், சமவெளிப் பிரதேசத்திற்கு உதவித்தொகை 1,20,000 ரூபாய் என்றும் விதிக்கப்பட்டன. தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. உதவித்தொகை 3,50,000 ரூபாய்.

இக்கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். 3,50,000 ரூபாயை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 972 ரூபாய் வருகிறது. ஒருவர் ஆசை மிகுந்து 500 சதுர அடிக்கு அஸ்திவாரம் போட்டால், அதே விலைவாசியிலும் சுமார் 1,36,000 ரூபாய் துண்டு விழும். அஸ்திவாரம் தோண்டும் நாளில் அக்குறை கண்ணுக்குத் தெரியாது. மேல்தளம் போடும் நாளில்தான் தெரியும். ஆகையால் இன்று சிறியதாகக் கட்டி, நாளை ஓர் அறை சேர்க்கத்தக்க பக்கத்தில் இடம் விட்டுவைப்பதே விவேகம்.

மூன்றாவது, மனை. வீடு கட்டுதற்குரிய கிராம நிலம் ரெவின்யூ கணக்கில் நத்தம் எனப்படும். ஓடை, ஏரி, வாய்க்கால் ஆகியவற்றின் புறம்போக்கில் எத்தனை வருஷம் குடியிருந்தபோதிலும் அதை நம்பி வீடு கட்டலாகாது. அங்கே பட்டா கிடைப்பதரிது. பட்டா இன்றேல் உதவித்தொகையும் கடனும் கிடையா. பெருமழையில் வெள்ளமும் புகும். மூன்று சென்டு மனை என்பது சுமார் 1,307 சதுர அடி. அதில் 360 சதுர அடி வீடு கால் பாகத்திற்குச் சற்று மிகுதியாகவே கொள்ளும். எஞ்சிய இடத்தில் மாட்டுக்கொட்டில், களம், இரட்டைக் குழிக் கக்கூஸ் ஆகியவற்றுக்கு முன்னரே இடம் குறித்துக்கொள்க. கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து முப்பது அடிக்குமேல் விலகியிருத்தல் அவசியம்.

நான்காவது, கட்டும் முறை. கேரளத்தில் பல்லாண்டு பணிபுரிந்த லாரி பேக்கர் என்னும் சிற்பி (1917-2007), செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். இதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மீதமாகும்; உள்ளே அடைபட்ட காற்று கோடை வெப்பத்தையும் தணிக்கும். மேல்தளத்தில் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைக்கும் முறையையும் அவர் கையாண்டார். ஆனால் பழகாத கொத்தனார் கையில் இம்முறைகள் கெட்டுப்போகும். ஆதலால் சங்கத்தார் ஒன்றுகூடி இரண்டொரு கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தல் நலம்.

ஐந்தாவதும் முக்கியமானதும் கூட்டுறவு. உதவித்தொகை ஒருங்கே வருவதில்லை. அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், மேல்தளம் என ஒவ்வொரு நிலையும் முடிந்து அதிகாரிகள் பார்த்த பின்னரே தவணையாக வருகிறது. அந்த இடைக்காலத்தில்தான் ஏழைக் குடியானவர் கந்துவட்டிக்காரரை நாட நேர்கிறது. வரவேண்டிய தவணையைக் கருதிக் குறுகிய காலக் கடன் கொடுக்கச் சங்கத்தின் உபவிதிகள் இடந்தருமா என்று அங்கத்தினர்கள் மகாசபையில் விசாரித்துத் தீர்மானிக்கலாம். மேலும், நம் வட்டாரத்தில் மஞ்சளைக் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்தில் விற்பது வழக்கமாயிருக்கிறது. விற்பதில் கூடுவோர் வாங்குவதிலும் கூடலாமன்றோ? பத்து வீட்டார் சேர்ந்து செங்கல், சிமெண்டு, கம்பி இவற்றை மொத்தமாக வாங்கி, சென்ட்ரிங் பலகைகளை முறைவைத்துப் பயன்படுத்தினால் ஒவ்வொருவர் செலவும் குறையும்.

இது வெறும் கற்பனையன்று. கனடா தேசத்து நோவா ஸ்கோஷியாவில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1938-ல் ஒரு கூட்டுறவுக் குழுவாகச் சேர்ந்து, தங்கள் உழைப்பையே முதலாக இட்டுப் பதினொரு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அக்குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர். கட்டத் தொடங்கு முன் அவர்கள் பல மாதங்கள் கூடி, செலவு, கடன், கட்டடம் ஆகியவற்றைப் பற்றிப் படித்துத் தெளிந்தார்கள். கூலிக்காரர்களாகிய அவர்கள் செய்ததை, சொந்தச் சங்கமும் வழக்கமான ஏலமும் உடைய நாம் செய்ய இயலாதா?

இறுதியாக, காலம். தை முதல் பங்குனி வரை மஞ்சள் அறுவடையில் ஆட்கள் ஈடுபட்டிருப்பர்; ஐப்பசியில் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஆகவே, மாசி பங்குனியில் மனையும் பட்டாவும் கணக்கும் சரிபார்த்து, சித்திரையில் அஸ்திவாரமிட்டு, புரட்டாசிக்குள் மேல்தளத்தை முடிப்பது உத்தமம். இவ்வருஷம் வீடு கட்ட எண்ணியுள்ள அங்கத்தினர்கள் தனித்தனியே செங்கல் விலை விசாரிக்கத் தொடங்கு முன், ஒருநாள் மாலை சங்கக் கட்டடத்தில் கூடி, தத்தம் பட்டாவையும் கையிருப்பையும் எதிரே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பார்களாக. அன்று மிச்சப்படும் பணமே பின்னர் மேல்தளமாக நிற்கும்.