கணக்கிடும் பௌதிகம் – 6: எண்களை நம்புவதற்கு முன்

கணிப்பொறியின் துணைகொண்டு பௌதிக ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற விரும்பும் எம்.எஸ்ஸி. மாணவர்களில் பலர், எந்த நிறுவனத்தில் எவ்வளவு பெரிய யந்திரம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே தங்கள் தேடலைத் தொடங்குகிறார்கள். யந்திரம் வேண்டியதுதான். ஆயினும், அது தருகிற எண்களைச் சோதித்துப் பார்க்க எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், அதற்கு எங்கே அவகாசம் கொடுக்கிறார்கள் என்று விசாரிப்பவர்கள் அபூர்வம். ஆய்வேட்டின் தரமோ பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அனீசுர் ரஹ்மான் ஹைதராபாத்தில் பிறந்தவர். பெல்ஜியத்தின் லூவேன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கோன் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிவந்த அவர், 1964-இல் 864 ஆர்கன் அணுக்களை ஒரு கற்பனைப் பெட்டியில் அடைத்து, ஒவ்வோர் அணுவையும் மற்றவை எவ்வளவு இழுக்கின்றன, எவ்வளவு தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, ஒரு வினாடியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை நியூட்டனின் விதிப்படி அவற்றை நகர்த்தி, திரவ ஆர்கனின் இயல்புகளை சி.டி.சி. 3600 என்ற யந்திரத்தின் மூலம் வருவித்துக் காட்டினார்.

அந்தக் கணக்கை இன்று ஒரு லாப்டாப் சில நிமிஷங்களில் செய்துவிடும். ஆதலால் புதிதாக வரும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த முதல் பயிற்சி இல்லை என்பது என் அபிப்பிராயம். பெட்டியின் ஒரு சுவரைத் தாண்டிய அணு எதிர்ச்சுவர் வழியாக உள்ளே வரும்படி அவன் நிரல் எழுத வேண்டும். பிறகு இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை மாறாதிருக்க வேண்டுமென்பது விதி; கணக்கிலோ அது சிறிது ஏறி இறங்கும். அணுக்களை நகர்த்தும் காலப் படியைப் பாதியாகக் குறைத்தால், அதற்கு வழக்கமாகக் கையாளும் வெர்லே முறையில் அந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால், விசையின் சூத்திரத்தில் ஒரு குறி பிசகியிருக்கலாம், அல்லது தொலைவிலுள்ள அணுக்களின் விசையைச் சட்டென்று வெட்டிவிட்டதால் கணக்கு துள்ளிக்கொண்டிருக்கலாம். படம் மட்டும் திரையில் வெகு அழகாகவே தோன்றும். அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

நிரலில் பிழையே இல்லாதபோதும் விடை தவறலாம் என்பதற்கு, ஃபெர்ரன்பெர்க், லாண்டவ், வாங் என்னும் மூவர் 1992-இல் வெளியிட்ட கட்டுரை ஓர் அத்தாட்சி. காந்தத்தின் எளிய மாதிரியான ஐசிங் மாதிரிக்கு இரு பரிமாணத்தில் துல்லியமான விடை காகிதக் கணிதத்தாலேயே தெரியும். சிறந்ததென்று பெயர் பெற்றிருந்த ஒரு தற்செயல் எண் சூத்திரத்தை, தற்செயல் எண்களைக் கொண்டு கணக்கிடுகிற, வுல்ஃப் வகுத்த முறையுடன் சேர்த்து அவர்கள் அந்த மாதிரியில் பிரயோகித்தபோது, புள்ளியியல் பிழைக்கு அப்பாற்பட்ட தவறான விடை வந்தது. சரியான விடை முன்கூட்டியே தெரிந்திருந்ததால் குட்டு வெளிப்பட்டது.

இனி, எங்கே சேரலாம் என்பதைப் பார்ப்போம். சென்னைத் தரமணியில், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் தொடங்கிவைத்த கணித அறிவியல் நிறுவனத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் ‘ஜெஸ்ட்’ என்னும் பொதுத் தேர்வு எழுதி, நேர்முகத் தேர்விலும் தேறவேண்டும். பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரால் வழங்கப்படுகிறது. நீண்ட ஆய்வில் இறங்குமுன் தன்னைத் தானே பரீட்சித்துக்கொள்ள விரும்புகிறவருக்கு, இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம், வளரும் நாடுகளின் மாணவர்களுக்கென உதவித்தொகையுடன் நடத்துகிற ஒரு வருஷ டிப்ளமோ படிப்பு இருக்கிறது; அதன் முடிவில் ஒரு சிறு ஆய்வேடும் எழுதவேண்டும்.

எங்கே சேர்வதாயினும், வழிகாட்டப் போகும் பேராசிரியரிடம் பேசியதோடு நில்லாமல், அவரிடம் மூன்றாம் வருஷம் பயிலும் மாணவர் ஒருவரைத் தனியே கண்டு, பிறர் எழுதிய பெரிய நிரல் தொகுப்பை ஓட்டுவது மட்டும்தான் வேலையா, சொந்தமாக எழுதவும் இடமுண்டா என்றும், முதல் வருஷத்தில் எந்தப் பழைய முடிவைத் திரும்பக் கணக்கிட்டுச் சரிபார்த்தார் என்றும் கேட்டறிவது நல்லது. இரண்டாவது கேள்வி அவருக்கு விளங்காவிட்டால், வேறு பேராசிரியரைத் தேடுவதே உத்தமம்.