புத்தகம் எழுதியவருக்குப் பைத்தியக்காரப் பட்டம்!
ரஷிய விஞ்ஞானி அடைபட்டுக் கிடந்த 19 நாட்கள்

சோவியத் ரஷியாவில் ஒப்னின்ஸ்க் என்று ஓர் ஊர். அங்கே ஜோரஸ் மெத்வதேவ் என்ற விஞ்ஞானி மனைவி மக்களோடு வாழ்ந்து வந்தார்.

1970-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி. அவருடைய வீட்டுக்கு டாக்டர்கள் வந்தார்கள். கூடவே போலீசாரும் வந்தார்கள். அவரைப் பலவந்தமாகக் கொண்டுபோய், கலூகா நகர மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள்.

அவர் யாரையாவது அடித்தாரா? இல்லை. தெருவில் உளறித் திரிந்தாரா? அதுவும் இல்லை.

புத்தகம் எழுதினார். அவ்வளவுதான்!

என்ன புத்தகம்?

ஸ்டாலின் காலத்தில் லைசென்கோ என்பவர் வைத்ததே பயிர் விஞ்ஞானத்தில் சட்டம். பெற்றோரின் குணம் ஜீன்கள் வழியாகப் பிள்ளைக்கு வருகிறது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பேச்சு ஆளுங்கட்சிக்கு இனித்தது. மறுத்துப் பேசிய விஞ்ஞானிகள் வேலை இழந்தார்கள். சிலர் சிறையிலேயே மாண்டார்கள்.

இந்தக் கதையைத்தான் மெத்வதேவ் எழுதினார். 1969-ல் அது அமெரிக்காவில் வெளிவந்தது.

டாக்டர்கள் கண்ட "நோய்"

உயிரியல் படித்தவர் அரசியலும் எழுதுகிறாராம். ஆகவே மனம் இரண்டாகப் பிளந்து விட்டதாம்! அப்படியானால், ஏர் பிடித்துக்கொண்டே ஊர் நியாயம் பேசும் விவசாயிக்கு என்ன பெயர் வைப்பது?

சிரிக்கிற விஷயம் அல்ல இது. "மெதுவாக ஊரும் மனநோய்" என்று ஒன்றை அந்நாட்டு டாக்டர்கள் வகுத்து வைத்திருந்தார்கள். பார்த்தால் தெரியாதாம், உள்ளே இருக்குமாம். நாட்டைத் திருத்த நினைப்பதும் அதற்கு அறிகுறி! ஆட்சியில் குறை இல்லை, குறை சொல்பவன் மூளையில்தான் குறை என்று ஆகிவிட்டது.

கரும்பலகையில் எழுதினார்

மெத்வதேவுடன் இரட்டையராகப் பிறந்தவர் ராய். அவர் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னார்.

ஹைட்ரஜன் குண்டு செய்த விஞ்ஞானி சகாரோவ், மாஸ்கோவில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்துக்குப் போனார். மெத்வதேவை விடுவிக்கக் கையெழுத்துப் போடுங்கள் என்று கரும்பலகையில் எழுதி வைத்தார். எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

ஜூன் 17-ந் தேதி கதவு திறந்தது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. ஆட்சியைக் குறை சொன்ன தளபதி கிரிகோரெங்கோ, 1969-ல் பிடிபட்டு 1974 வரை அடைபட்டுக் கிடந்தார்.

1977-ல் ஹொனலூலுவில் உலக மனநல டாக்டர்கள் கூடி, ரஷியாவைக் கண்டித்தார்கள். தங்களை வெளியேற்றி விடுவார்கள் என்று தெரிந்ததும், 1983-ல் ரஷிய டாக்டர்கள் தாங்களே சங்கத்தை விட்டு விலகினார்கள். மீண்டும் சேர்ந்தது 1989-ல். மருத்துவத்தை அரசியலுக்குப் பயன்படுத்தியது உண்மை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள்.

கிரிகோரெங்கோவை அடைத்தது போன்ற தனி ஆஸ்பத்திரிகளை அதுவரை நடத்தியது யார் தெரியுமா? போலீஸ் இலாகாவை வைத்திருந்த உள்துறை! 1988-ல்தான் அவை சுகாதார இலாகாவின் கைக்கு வந்தன.