எக்செல் விழுங்கிய பெயர்கள்

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு தகவலை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கொரோனா உறுதியானவர்களில் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிருந்தார்கள். பரிசோதனை முடிவு அவரவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து, வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டிய குழுவுக்கு அந்தப் பெயர்கள் உரிய நாளில் போய்ச்சேரவில்லை. தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது.

காரணம் மிகச் சாதாரணமானது. ஆய்வகங்கள் அனுப்பியவை சிஎஸ்வி எனப்படும் எளிய உரைக்கோப்புகள். அவற்றில் வரிகளுக்கு வரம்பு கிடையாது. அவற்றைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒருவரின் முடிவே பல வரிசைகளைப் பிடித்ததால், சுமார் 1,400 பேரோடு தாள் நிறைந்துவிட்டது. மீதிப் பேர் வெட்டுப்பட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரம் அது யார் கண்ணிலும் படவில்லை.

இப்போதைய எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. அதனால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வரிசை தீர்ந்துபோவது எப்போதோ நடப்பது. உள்ளே இருப்பதைத் தானாகவே மாற்றிவிடுவதுதான் தினமும் நடப்பது. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் மறைந்துவிடுகிறது. 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிறது, ஏனென்றால் எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 12 இலக்க ஆதார் எண் புள்ளியும் ‘ஈ’யும் போட்ட சுருக்க வடிவில் தெரிகிறது; அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் போய் உட்காரும், உண்மையான எண் திரும்பக் கிடைக்காது. மார்ச் 4 சில கணினிகளில் ஏப்ரல் 3 ஆகிவிடுகிறது.

தமிழில் பெயர் அடித்து வைத்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் காத்திருக்கிறது. யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால், முத்துலட்சுமியும் அந்தோணிசாமியும் கேள்விக்குறிகளின் வரிசையாகிவிடுவார்கள். மூலக் கோப்பை அழித்துவிட்டால் அந்தப் பெயர்களை மீட்க வழியே இல்லை.

தானாக மாற்றும் இந்தத் தொல்லைக்கு விஞ்ஞானிகளே தோற்றுப்போனார்கள். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, தேதியாக மாறிவிடும் சில குறியீடுகளையே மாற்றி, 2020-இல் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. ‘மார்ச்1’ என்ற குறியீட்டை எக்செல் மார்ச் முதல் தேதி என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். விஞ்ஞானிகள் பெயரை மாற்றிக்கொள்ளலாம். உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஒரு முதியவர் தன் கணக்கு எண்ணை மாற்றிக்கொள்ள முடியுமா?

பெயர் விடுபடுவது ஒரு பக்கம் என்றால், போகக்கூடாத இடத்துக்குப் பெயர் போவது இன்னொரு பக்கம். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதிலாக எக்செல் கோப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட தாள் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 9,500 காவலர், ஊழியர்களின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் அதில் இருந்தன. காவலர் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து வரக்கூடிய ஊர் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் பின்னர் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

சிறு அலுவலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம் எதுவானாலும், இதற்கான மாற்றுக்குப் பெரிய செலவு இல்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் 2000 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது இருக்கிறது. அதை நிறுவியபின், கணினியின் கட்டளைத் திரையில் ‘எஸ்க்யூலைட்3’ என்பதோடு கோப்பின் பெயரையும் சேர்த்து அடித்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். அந்தக் கருப்புத் திரையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நாலைந்து கட்டளைகள் போதும்.

அட்டவணையை முதலில் கையால் உருவாக்குவது நல்லது. கணக்கு எண், ஆதார், தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ‘டெக்ஸ்ட்’ என்றே அறிவிக்க வேண்டும். எண் என்று அறிவித்தால் முன்பூஜ்ஜியம் இங்கும் போய்விடும். ஆதார் 12 எழுத்து நீளம் இருக்க வேண்டும் என்று ‘செக்’ நிபந்தனை வைக்கலாம். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்றால் ‘யூனிக்’. காலியாக விடக்கூடாது என்னும் ‘நாட் நல்’ மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. சிஎஸ்வியில் காலியாக இருக்கும் கட்டத்தை எஸ்க்யூலைட் வெற்று உரையாக ஏற்றிக்கொள்ளும் என்பதால் அந்தத் தடை அதைப் பிடிக்காது. நீளத்தைச் சோதித்தால்தான் பிடிபடும்.

பிறகு ‘பிகின்’ என்று தொடங்கி, சிஎஸ்வி முறையைத் தேர்ந்து, ‘இம்போர்ட்’ கட்டளையால் கோப்பை ஏற்ற வேண்டும். அட்டவணை ஏற்கெனவே இருப்பதால் தலைப்பு வரியும் ஒரு மனிதராகச் சேர்ந்துவிடும். முதல் வரியைத் தாண்டச் சொல்ல மறக்கக்கூடாது. நிபந்தனைக்குப் பொருந்தாத வரி வந்தால் எஸ்க்யூலைட் அதை ஏற்காமல், எந்த வரியில் என்ன கோளாறு என்று திரையில் எழுதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னும் கறார்: ‘காப்பி’ கட்டளையில் ஒரு வரி தவறினாலும் வழக்கமாக முழு ஏற்றத்தையும் நிறுத்திவிடும். இங்கிலாந்தில் இல்லாமல் போனது இந்தக் குரல்தான்.

ஏற்றி முடித்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பில் எத்தனை பேர், அட்டவணையில் எத்தனை பேர்? பொருந்தினால் ‘கமிட்’. ஒருவர் குறைந்தாலும் ‘ரோல்பேக்’, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வெளியே யாருக்காவது தகவல் கொடுப்பதானால், முழுக் கோப்பையும் நீட்டாமல் கேட்ட பத்திகளை மட்டும் தேர்ந்து சிஎஸ்வியாக எடுத்துக் கொடுக்கலாம். சிஎஸ்வியில் மறைந்த தாள் இருக்க இடமே இல்லை.

இதிலும் எல்லை உண்டு. தவறாக எழுதி வந்த விலாசத்தைத் தரவுத்தளம் திருத்தாது. எஸ்க்யூலைட் கோப்புக்கு இயல்பாகக் கடவுச்சொல்லும் கிடையாது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எக்செல்லை அனுப்பியதற்குச் சமம்தான்.

பட்டியலில் இருப்பவரின் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைத் தெரிந்துகொள்ளவும், தவறைத் திருத்தக் கேட்கவும், தேவை முடிந்தால் அழிக்கக் கேட்கவும் உரிமை தருகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்கச் செய்வது அதை வைத்திருப்பவரின் கடமை. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. முறையீட்டை முதலில் அந்த நிறுவனத்திடமே கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியம்.

அரசு அலுவலகத்தில் பெயர் விடுபட்டிருந்தால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. தன் மனு எந்தத் தேதியில் பதிவானது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, நிராகரித்திருந்தால் காரணம் என்ன என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். மனு கொடுத்தபோது தந்த ஒப்புகைச் சீட்டை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.