தோலின் வளர்ச்சி

உடலைப் போர்த்து நிற்பது தோல். அதள், உரி என்பனவும் தோலைக் குறிக்கும் சொற்களே. எனினும், உரி என்பது உரித்தெடுத்த தோலுக்கே பெரிதும் பொருந்தும். ஈண்டு நாம் ஆராயப் புகுவது உயிருள்ள தோலை.

ஒருவருக்கு இருபது கிலோ எடை கூடிற்று எனக் கொள்வோம். சட்டை இறுகுகிறது, பொத்தான் தெறிக்கிறது. தோலோ உடலுக்கேற்ப இடங்கொடுக்கிறது. இழுத்தால் நீளும் ரப்பர் போன்றது தோல் என்று சிலர் கருதுவர். அக்கருத்துப் பாதியே உண்மை.

தோலில் மேல்தோல், அடித்தோல் என இரண்டு அடுக்குகள் உள. அவற்றின் கீழே கொழுப்புப் படலம் அமைந்துள்ளது. அடித்தோலில் இருவகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் என்னும் நார் உறுதி தருவது. எலாஸ்டின் என்னும் நார் நீண்டு மீள்வது. கொழுப்புப் பெருகி உள்ளிருந்து தள்ளுங்கால் இந்நார்கள் முதலில் நீண்டு கொடுக்கின்றன. அவ்விழுப்பு நாள்தோறும் நிலைத்து நிற்பின், தோலின் உயிரணுக்கள் அதனை உணர்ந்து முன்னினும் மிகுதியாகப் பிரிந்து பெருகுகின்றன. புதிய நார்களும் குருதிக் குழாய்களும் உண்டாகின்றன. ஆகவே, பருத்தவரின் தோல் வெறுமனே விரிந்த தோலன்று. பரப்பில் வளர்ந்த தோலாம்.

இதற்கு அறுவை மருத்துவத்தில் சான்று உண்டு. காதின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்கு, அவ்விடத்துத் தோலின் அடியில் சிறு ரப்பர்ப் பையை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் காற்றேற்றினார் சார்லஸ் நியூமன் என்னும் அமெரிக்க மருத்துவர். அங்ஙனம் பெற்ற மிகுதித் தோலைக் கொண்டு காதினைச் சீரமைத்தார். இச்செய்தியை அவர் 1957-இல் வெளியிட்டார். தீக்காயத் தழும்புகளை மாற்றுதற்கும் இம்முறை இன்று கைகொடுக்கின்றது.

ஆயினும், தோல் வளர நாள் வேண்டும். எடை விரைந்து ஏறின் அடித்தோலின் நார்கள் சிதைகின்றன. வயிற்றிலும் தொடையிலும் முதலில் சிவந்தும் பின்னர் வெளிறியும் காணும் வரிகள் அச்சிதைவின் தழும்புகளே. விரைந்து உயரும் இளம்பருவத்தினர்க்கும், கருவுற்ற மகளிர்க்கும் இவை தோன்றுவதுண்டு. மிகுதியாகக் கூடிய எடை பின்னர்க் குறைந்தாலும், வளர்ந்த தோல் முழுவதும் சுருங்குவதில்லை. சிதைந்த எலாஸ்டின் செம்மையாக மீண்டும் உண்டாதல் அரிது. எனவே, முதியோர்க்குத் தோல் தொங்கும். இளையோர்க்கு ஓரளவு மீளும்.

மாணவர் அறியத்தக்கது மற்றொன்றும் உண்டு. பருத்த பிள்ளைகள் சிலரின் பிடரி கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணி போல் தோன்றும். அதனை அழுக்கென எண்ணிப் பீர்க்கங்கூட்டால் தேய்த்து வருத்தும் பெற்றோர் உளர். வகுப்பில் நகையாடும் தோழரும் உளர். அஃது அழுக்கன்று. பெரும்பாலும் குருதியில் இன்சுலின் மிகுவதால் அவ்விடத்துத் தோலணுக்கள் அளவுக்கு மேல் பெருகி அந்நிலை உண்டாகின்றது. தேய்த்தால் புண்ணாகுமேயன்றி நிறம் மாறாது. மருத்துவரிடம் காட்டிக் குருதியிலுள்ள சர்க்கரையை ஆய்ந்தறிதல் வேண்டும். எடை குறையக் குறையக் கருமையும் பெரும்பாலும் மங்கிவிடும்.